ஐஸ் மனிதனுக்காக அழுத பாப்பாவுக்கு

உங்கள் கேள்வியை முதலில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் உறவினரின் காபித் தோட்டத்து வீடு. மழையில் வெளியே தலைகாட்ட முடியாத ராத்திரி. எட்டு வயது மகளுக்குப் பழைய பேட்மேன் கார்ட்டூனைப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள், 1992இல் வந்த அந்தத் தொடர். 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற எபிசோடு முடிந்ததும் பாப்பா தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். பேட்மேனுக்காக இல்லை, மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற ஐஸ் மனித வில்லனுக்காக. "இருபது நிமிஷக் கார்ட்டூனில் அப்படி என்ன இருக்கிறது? காமிக்ஸிலும் அவன் இப்படித்தானா? இது மூன்றாவது எபிசோடு என்கிறார்கள், எங்கள் பட்டியலில் பதினாலாவதாக இருக்கிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஆன்ட்டி நிஜமாவே செத்துட்டாங்களா?"

பாப்பாவின் கேள்விதான் சரியான கேள்வி. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

எண் குழப்பம் சின்ன விஷயம். இரண்டு எண்ணும் சரி. தயாரித்த வரிசையில் அது பதினாலாவது. ஒளிபரப்பான வரிசையில் மூன்றாவது. முதலில் தயாரானது மனித வௌவால் வரும் 'ஆன் லெதர் விங்ஸ்'. ஆனால் அந்தக் கோடையில் பூனைப்பெண் வரும் பேட்மேன் படம் தியேட்டரில் ஓடியிருந்ததால், அவள் வரும் இரண்டு பாகக் கதையின் முதல் பாகத்தை 1992 செப்டம்பர் 5 அன்று போட்டுவிட்டார்கள். மறுநாள் வௌவால். அதற்கு மறுநாள், செப்டம்பர் 7, நம்முடைய ஐஸ் மனிதன். பூனைப்பெண் கதையின் இரண்டாம் பாகம் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. பார்க்கிறவர்களுக்கு இந்த வரிசையால் ஒரு நஷ்டமும் இல்லை, ஒவ்வொரு எபிசோடும் தனித்தனியே நிற்கிறது.

காமிக்ஸில் இவன் எப்படி இருந்தான் என்பதைச் சொன்னால்தான் இந்த எபிசோடு செய்த காரியம் விளங்கும். 1959 பிப்ரவரியில் வந்த பேட்மேன் 121ஆம் இதழில்தான் ஆள் முதலில் தலைகாட்டினான். அப்போது பெயர் மிஸ்டர் ஜீரோ. ஐஸ் துப்பாக்கி செய்யப் போய், விபத்தில் உடம்பு உறைந்து, குளிரில் மட்டுமே உயிர்வாழ முடிகிற ஒரு திருடன். வைரம் திருடுவான், பேட்மேன் பிடிப்பார், கடைசியில் நீராவி பட்டுக் குணமும் ஆகிவிடுவான். அவ்வளவுதான் கதை. மனைவி இல்லை, துக்கம் இல்லை, ஏன் திருடுகிறான் என்று கேட்டால் திருடன், அதனால் திருடுகிறான். 1966இல் வந்த டிவி தொடரில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயரை மாற்றினார்கள். மூன்று வெவ்வேறு நடிகர்கள் அந்த வேஷம் போட்டார்கள். மூன்று பேர் மாறி மாறி நடித்தும் பார்த்தவர்களுக்குப் பெரிதாக உறுத்தவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு சரக்கு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கார்ட்டூன் தயாராவதற்குக் கொஞ்சம் முன்னால், காமிக்ஸில் பேட்மேனின் இன்னொரு எதிரியான ஜோக்கர் கையால் இவனைச் சாகடித்தும் விட்டார்கள். யாருக்கும் வேண்டாத ஆள்.

இந்த வேண்டாத ஆளை எடுத்துத்தான் பால் டீனி எழுதினார், புரூஸ் டிம் இயக்கினார். உருவத்தை வரைந்து கொடுத்தது மைக் மிக்னோலா. டீனி புதிதாகச் சேர்த்தது ஒரே ஒரு விஷயம்: ஒரு மனைவி. பெயர் நோரா. தீராத நோய். கணவன் விக்டர் ஃப்ரீஸ் ஒரு விஞ்ஞானி. மருந்து கண்டுபிடிக்கும் வரை அவளை உறையவைத்துக் காப்பாற்ற நினைத்தான். அந்த ஆராய்ச்சிக்கூடம் காத்கார்ப் என்ற கம்பெனியுடையது. முதலாளி ஃபெரிஸ் பாயில், செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுக் காவலாளிகளோடு வந்து நிறுத்தச் சொன்னான்.

இதை நான் இப்படி வரிசையாகச் சொல்லிவிட்டேன். எபிசோடு இப்படிச் சொல்வதில்லை. அங்கேதான் டீனியின் கைத்திறன்.

முதல் காட்சி ஞாபகம் இருக்கிறதா? ஒரு கண்ணாடி உருண்டை. உள்ளே பாலே ஆடும் ஒரு பொம்மை, சுற்றிலும் பனி கொட்டுகிறது. ஒரு ஆண் குரல் யாரோடோ பேசுகிறது. யாரோடு என்று தெரியாது. அடுத்து அவன் தன் ஆட்களோடு கொள்ளைக்குப் போகிறான். சொந்த ஆள் ஒருவன் கால் உறைந்து நகர முடியாமல் கிடக்கும்போது, விட்டுவிட்டுப் போகிறான். அந்த அடியாளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்ப்பது பேட்மேன். சரி, வில்லன் கல்நெஞ்சக்காரன் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அப்புறம் புரூஸ் வெய்ன், அதாவது முகமூடி இல்லாத பேட்மேன், போய்ப் பாயிலைப் பார்க்கிறார். பாயில் சிரித்த முகமாக ஒரு கதை சொல்கிறான்: ஒரு ஊழியன் இருந்தான், விபத்து நடந்தது, செத்துப்போனான். காத்கார்ப்பின் விளம்பர வாசகமே 'மக்களின் கம்பெனி' என்பதுதான். அவனுக்குத்தான் மனிதாபிமான விருது கொடுக்கப்போகிறார்கள்.

பிறகு பேட்மேன் இரவில் அந்த அலுவலகத்துக்குள் புகுந்து ஒரு வீடியோ டேப்பைப் பார்க்கிறார். ஆராய்ச்சியைப் பதிவு செய்ய விக்டரே வைத்த கேமரா. விக்டர் கெஞ்சுகிறான். ஒரு கட்டத்தில் காவலாளியின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்கிறான். பாயில் குரலைத் தணித்து, சமாதானமாகப் பேசி, துப்பாக்கியைக் கீழே இறக்க வைத்து, அடுத்த நொடி எட்டி உதைக்கிறான். விக்டர் ரசாயனக் குடுவைகள் இருக்கும் மேசைமேல் போய் விழுகிறான். வெண்புகை. அதோடு சரி.

கவனித்தீர்களா, விக்டர் தன் சோகத்தை யாரிடமும் கதையாகச் சொல்லவே இல்லை. நமக்குக் காட்டுவது ஒரு டேப். அதைப் பேட்மேனோடு சேர்ந்து, திருட்டுத்தனமாக நாமும் பார்க்கிறோம். பார்த்து அதிர்ந்து நிற்கும்போதே பின்னால் ஃப்ரீஸ் வந்து நிற்கிறான். கதாபாத்திரம் மூக்கைச் சிந்திக்கொண்டு ஃப்ளாஷ்பேக் சொல்லியிருந்தால் பாப்பா அழுதிருக்க மாட்டாள் என்று பந்தயம் கட்டுவேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன், அழச்சொல்லி வற்புறுத்தும் காட்சியில் அவர்கள் தின்பண்டம் தேடப் போய்விடுவார்கள்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேசியவர் மைக்கேல் அன்சாரா. உணர்ச்சியே இல்லாத, உலர்ந்த குரல், இயந்திரம் பேசுவது மாதிரி. நம் ஊரில் வில்லன் என்றால் நம்பியார் கையைப் பிசைய வேண்டும், பின்னால் வந்தவர்கள் கத்த வேண்டும். இவன் கத்துவதே இல்லை. பல்லைக் கடித்துக்கூடப் பேசுவதில்லை. அப்படி ஒரு குரலில் மனைவி பெயர் வரும்போது எந்த ஏற்ற இறக்கமும் இல்லாததுதான் வயிற்றைப் பிசைகிறது. (இன்னொரு துணுக்கு: அந்த அயோக்கிய முதலாளி பாயிலுக்குக் குரல் கொடுத்தவர் மார்க் ஹாமில். இதற்குப் பிறகுதான் அவருக்கு ஜோக்கர் வேடம் கிடைத்தது.)

இனி எனக்குச் சொந்தமான ஒரு விஷயம். ஃப்ரீஸ் பேட்மேனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுப் பேசும் காட்சி. கோடை நாளில் முகத்தில் சூடான காற்று அடிக்க, ஒரு வெதுவெதுப்பான கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது இனி ஒருநாளும் இல்லை என்றால் எப்படி இருக்கும், நினைத்துப் பார், அதற்காகக் கொலைகூடச் செய்வேன் என்கிற மாதிரி சொல்வான்.

சேலத்துக்காரனுக்கு இந்த வசனம் விளங்குவது கஷ்டம். நான் இதை முதலில் பார்த்தது கல்லூரிக் காலத்தில், நண்பன் எரித்துக் கொடுத்த சிடியில், ஒரு மே மாத மத்தியானம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை. ஃபேன் சுற்றினால் அனல்தான் கீழே இறங்கும். சூடான காற்றுக்காக ஏங்குகிறானாம்! வாடா, வந்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் இரு என்று சிரித்தோம். கோடையில் நாம் காசு செலவழித்து ஏற்காட்டுக்கு ஓடுவதே அந்தக் காற்றிலிருந்து தப்பிக்கத்தானே.

சில வருஷம் கழித்து ஒரு ஏப்ரலில் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும், இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறும்போது ஸ்வெட்டரைத் தேடியவர்கள் இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கடைசி இரண்டு மூன்று வளைவில் ஜன்னல் வழியாக அந்த அனல் குப்பென்று முகத்தில் அடிக்கும். எல்லோரும் "உஸ்" என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு முன் சீட்டில் ஒரு வயசான தம்பதி. அந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார், பஸ் திரும்பும் பக்கம் சாயாமல் இருக்க. அவ்வளவுதான் நடந்தது. அந்த வசனம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் கேட்டது ஊட்டி இல்லை, காஷ்மீர் இல்லை. நாம் வேண்டாம் என்று ஜன்னலைச் சாத்தும் அந்தக் காற்றைக் கேட்டிருக்கிறான்.

அடுத்து சூப். உங்கள் பாப்பா இந்த இடத்தில் சிரித்திருப்பாள். ஐஸ் மனிதனோடு மோதி மோதிப் பேட்மேனுக்கே சளி பிடித்துவிடுகிறது, தும்முகிறார். பணியாள் ஆல்ஃபிரெட் ஒரு ஃப்ளாஸ்கில் சிக்கன் சூப் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார். கடைசிச் சண்டையில் தோற்கும் நிலை வரும்போது அந்த ஃப்ளாஸ்கையே ஃப்ரீஸின் கண்ணாடித் தலைக்கவசத்தில் ஓங்கி அடிக்கிறார் பேட்மேன். கொதிக்கும் சூப் பட்டுக் கண்ணாடி விரிசல் விடுகிறது. ஆங்கிலத்தில் சளிக்கும் குளிருக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே ஒரு சிலேடையும் உண்டு. தமிழில் அது போய்விடும், பரவாயில்லை. நாம் மிளகு ரசம் என்று நினைத்துக்கொண்டால் அதே வேலை நடக்கும்.

இது நடக்குமா என்று யாராவது கேட்டால், எங்கள் பாட்டி நடக்கும் என்பார். அரிக்கேன் விளக்கின் கண்ணாடி சூடாக இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் 'டக்' என்று விட்டுப்போகும். இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. சூடு பட்ட பக்கம் விரியப் பார்க்கும், மறுபக்கம் விரியாமல் இழுத்துப் பிடிக்கும், நடுவில் அது உடையும். எனக்குப் பிடித்தது அறிவியல் இல்லை. முதல் பாதியில் வேடிக்கைக்கு வைத்த சூப் கடைசியில் ஆயுதமாகிறது. இருபத்திரண்டு நிமிஷக் கதையில் ஒரு ஃப்ளாஸ்கைக்கூட வீணாக்க முடியாது என்று தெரிந்தவர்கள் எழுதியது.

நீங்கள் கேட்காவிட்டாலும், ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தத் தொடரின் பின்னணிக் காட்சிகள் கறுப்புத் தாளில் வரையப்பட்டவை. வெள்ளைத் தாளில் வரைவதுதான் வழக்கம். டிம்மோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய எரிக் ரடோம்ஸ்கி இந்த முறையைக் கொண்டுவந்தார். இருட்டை வரையாதே, இருட்டு ஏற்கெனவே இருக்கிறது, வெளிச்சத்தை மட்டும் வை என்பதுதான் கணக்கு.

இதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க ஒரு பயிற்சி கொடுப்பேன். ராத்திரி ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் தெரியும் சேலத்தை வரையச் சொல்வேன். முதலில் வெள்ளைச் சார்ட்டில். எல்லோரும் கறுப்பு போஸ்டர் கலர் புட்டியில் பாதியைக் காலி செய்வார்கள். தாள் ஊறி, அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு, நடுவில் ஓட்டை விழும். அடுத்த வாரம் கறுப்புச் சார்ட். இப்போது பிரஷ்ஷில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. பொட்டுப் பொட்டாக விளக்குகள். சாய்ந்த கோட்டில் நெருக்கமாகப் பத்துப் பொட்டு வைத்தால் பைபாஸ் ரோடு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இரண்டே பொட்டு, விரலால் லேசாக ஒரு இழுப்பு, மூடுபனி வந்துவிடும். போன முறை ஒரு சின்னப் பையன் மொத்தமே இருபது பொட்டு வைத்துவிட்டு "முடிஞ்சுது சார்" என்று நீட்டினான். திட்ட வாயெடுத்தேன். பார்த்தால் சேலம்!

அந்தக் கண்ணோடு 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' கடைசிக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். ஆர்க்கம் மனநோய் விடுதியின் குளிரூட்டப்பட்ட அறை. திரையில் பெரும்பகுதி இருட்டு. நடுவில் ஒரு நீல வெளிச்சம், அதில் ஒரு ஆள், கையில் அந்தக் கண்ணாடி உருண்டை. முதல் காட்சியில் யாரோடு பேசினான் என்று இப்போது நமக்குத் தெரியும். அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். எங்கேயோ ஒரு வெதுவெதுப்பான கை எனக்காகக் காத்திருக்கிறது என்கிறான். அந்தக் கை மறுபடி வருகிறது பாருங்கள். பேட்மேன் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. டேப்பைப் பத்திரிகையாளரிடம் கொடுத்தாயிற்று. பாயிலின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியாயிற்று. வில்லனும் பிடிபட்டான். ஆனால் ஜெயித்த மாதிரி யாருக்கும் முகமில்லை. பாப்பா அழுதது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

வில்லனுக்காக அழலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வியில் அந்தக் கவலை தெரிகிறது. அவன் செய்தது சரி என்று எபிசோடு எங்கேயும் சொல்லவில்லை. பாயிலைக் கொல்வதற்காக அங்கே கூடியிருந்த ஒரு கூட்டத்தையே பலிகொடுக்கத் துணிந்தவன் அவன், பேட்மேன் தடுத்தது நியாயம். இது இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்பது எட்டு வயதில் புரிந்துவிட்டதென்றால் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை.

காமிக்ஸ் பக்கம் என்ன ஆனது என்பது இன்னும் சுவாரசியம். இந்த எபிசோடின் எழுத்துக்கு டேடைம் எம்மி என்ற அமெரிக்க டிவி விருது கிடைத்தது. காமிக்ஸிலிருந்து கார்ட்டூன் வருவது வழக்கம், இங்கே ஆறு தலைகீழாக ஓடியது. சாகடித்த ஆளைக் காமிக்ஸ்காரர்கள் எழுப்பி உட்காரவைத்தார்கள். 1997இல் டீனியே மிஸ்டர் ஃப்ரீஸுக்கு ஒரு தனி இதழ் எழுதி, நோரா கதையைக் காமிக்ஸுக்குள் கொண்டுபோனார். அதே வருஷம் வந்த பேட்மேன் சினிமாவிலும் நோரா உண்டு. அந்தப் படம் எனக்குப் பிடிக்காது, ஐஸை வைத்து அத்தனை மொக்கை ஜோக்கு அடிக்கும் ஒருவனுக்கு மனைவி நினைப்பு எங்கே வரும்? 2012இல் ஸ்காட் ஸ்னைடர் காமிக்ஸில் இந்தக் கதையை மாற்றி எழுதினார். அதில் நோரா அவன் மனைவியே இல்லை, அவனாகக் கற்பனை செய்துகொண்டான் என்று. ரசிகர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறார்கள். 33 வருஷம் மனைவியே இல்லாமல் இருந்த ஒரு பாத்திரம், ஒரு கார்ட்டூன் கொடுத்த மனைவியைப் பறித்தால் ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

இப்போது பாப்பாவின் கேள்வி.

இல்லை, சாகவில்லை. அந்த எபிசோடில் விக்டர் அவள் போய்விட்டதாகத்தான் நினைக்கிறான், பார்க்கிற நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் 1994இல் வந்த 'டீப் ஃப்ரீஸ்' என்ற எபிசோடில் அவள் உறைந்த நிலையிலேயே உயிரோடு இருப்பது தெரியவரும். முதலில் அதைப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் 1998இல் நேரடியாக வீடியோவில் வந்த 'சப்ஜீரோ' என்ற முழுநீளப் படம். நடுவில் தனித்தலையாக மட்டும் மிஞ்சிய ஃப்ரீஸ் சிலந்திக் காலோடு வரும் ஓர் எபிசோடு உண்டு, ராத்திரியில் அதைக் காட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

'சப்ஜீரோ'வின் கடைசியில் நோராவுக்கு அறுவை சிகிச்சை நடந்து குணமாகிவிடும். உலகமே ஃப்ரீஸ் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அவன் வட துருவப் பகுதியில், தன்னுடைய பனிக்கரடிகளோடு, கால் உடைந்து நொண்டிக்கொண்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் ஜன்னலோரம் வந்து நிற்பான். உள்ளே ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும். அதில் செய்தி வரும், நோரா கண் திறந்துவிட்டாள் என்று. கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பான். பார்த்துவிட்டுத் திரும்பிப் பனிக்குள் நடந்து போவான். அந்த இடத்தில் பாப்பா மறுபடி அழுதால் விட்டுவிடுங்கள்.